உள்ளங்காலுக்கு ஒரு கண்ணாடி

மாதனூர்
15 ஜூலை 2024

அன்புள்ள கெங்கா பெரியம்மாவுக்கு,

பாரதி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அம்மாவும் சுகம், ஒரு காலைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்களும் விடுதிப் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? ஜவ்வாது மலையில் மழை பிடித்துவிட்டதா? உங்களைப் போனில் பிடிக்கவேண்டுமென்றால் நீங்கள் புளியமரத்தடிக்கு வந்து நிற்கவேண்டும். அப்படியே பிடித்தாலும் அம்மா, "நல்லா கீறியா, சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு என்னிடம் கொடுக்காமல் வைத்துவிடுகிறார். அதனால் எனக்குக் கடிதம்தான் சரி.

நேற்று நாங்கள் ஏலகிரி போனோம்! காரணம் அம்மாவின் கால்.

அம்மாவின் ஷூ கம்பெனியில் ஜெர்மனிக்காரர்கள் மலை ஏறும்போது போடுகிற மாதிரி ஒரு புது மாடல் செய்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் தைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு ஜோடி செய்து, அதை யாராவது போட்டுக்கொண்டு மேடு பள்ளத்தில் நடந்து, எங்கே கடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று சொல்லவேண்டுமாம். வேர் டிரயல் என்று பெயர். பெண்கள் சாம்பிள் எப்போதும் முப்பத்தேழாம் சைஸ். சாம்பிள் ரூம் மாஸ்டர் இஷ்தியாக் அகமது சார் ஸ்டிச்சிங் லைனில் எல்லார் காலையும் பார்த்ததில், அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது அம்மாவுக்குத்தான். "அமுலும்மா, ஒரு நாள் மலை மேல நடந்துட்டு வாங்க, பஸ் செலவு கம்பெனியோடது" என்றாராம். அப்பா மல்லாட்டைக் கொல்லையில் களை எடுப்பதைத் தள்ளிப்போட்டார். அம்மாவுக்குப் பக்கத்து மிஷினில் தைக்கிற ஹலீமா பீ ஆன்ட்டியும், "ஷூ உனுக்கு, மலை எனுக்கு" என்று சொல்லி, மக்கன் பேடா டப்பாவோடு வந்துவிட்டார்.

நான் பிறந்ததிலிருந்து அம்மா ஷூ தைக்கிறார். ஆனால் போட்டது நேற்றுதான். புடவைக்குக் கீழே அந்தத் தடித்த ஷூவைப் பார்த்து ஹலீமா ஆன்ட்டி, "வழி விடுங்க, போலீஸ்காரம்மா வர்றாங்க!" என்று ஆம்பூர் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு புலவரின் பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள். நான் ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன். அப்பாவுக்குத் தலை சுற்றியது. அது வளைவினாலா, நான் படித்ததாலா என்று தெரியவில்லை. மேலே போனதும் காற்று சில்லென்று இருந்தது. ஏரியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, படகைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டு, முதலில் சுவாமிமலை ஏறினோம்.

அம்மா எல்லோருக்கும் முன்னால் ஏறினார். கூர்மையான கல், வேர், சறுக்கல் எதையும் பார்க்கவில்லை. ஹலீமா ஆன்ட்டி மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னாடி அமுலு, பூ மேல நடக்கிற மாதிரி போறே! எனுக்குக் கல்லு குத்தி உயிர் போவுது" என்றார்.

"ஜெர்மன்காரன் ஷூ இல்ல? குத்தாது."

"ஆமா, கம்பெனில மட்டும் பெடலைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்துகினே தைக்கிறா. கால்ல புதுக் கொலுசு போட்டுக்கினியாடின்னு கேட்டா மொறைக்கிறா. போன வாரம் பஸ் ஏறும்போது ஒரு செருப்பு கீழ வுழுந்துடுச்சு. இவ ஒத்தச் செருப்போட சீட்ல வந்து குந்திக்கினு, எனுக்கு ஊர்க்கதை சொல்றா!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

பாதி வழியில் ஒரு பெரிய தட்டைப் பாறை. அங்கே அம்மா நின்றுவிட்டார். "நானும் எங்கக்காவும் இங்க வந்திருக்கோம்" என்றார். எப்போது என்று கேட்டேன். "நட, மழை வரும்" என்றார். மேகமே இல்லை. பெரியம்மா, நீங்கள் ஏலகிரிக்கு வந்திருக்கிறீர்களா? ஏன் ஒருமுறை கூடச் சொன்னதில்லை?

இறங்கி வரும்போது நேரமாகிவிட்டதால் படகு ஏறவில்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் வலது கால் சாக்ஸ் முழுக்க ரத்தம். நான் ஷூவுக்குள் கையை விட்டேன். என் விரலில் ஆணி குத்தியது. ஷூவைக் கால் வடிவக் கட்டையில் இழுத்து ஒட்டும்போது அடி அட்டையைச் சின்ன ஆணியால் பிடித்துவைப்பார்களாம். அதைப் பிறகு பிடுங்கவேண்டும். மறந்துவிட்டார்கள். அப்பா கொறடு எடுத்துப் பிடுங்கினார்.

எனக்குப் புரியாதது இதுதான். என் விரலில் லேசாகப் பட்டதற்கே நான் கத்தினேன். அம்மா அதன் மேல் ஒரு மலையே ஏறி இறங்கியிருக்கிறார். "வலிக்கலையா?" என்று கேட்டேன். "நடக்கிற சந்தோசத்துல தெரியல" என்றார். சந்தோஷம் இருந்தால் ஆணி தெரியாதா?

பதிலை எதிர்பார்க்கும்,
பாரதி

ஜமுனாமரத்தூர் பக்கம்
24 ஜூலை 2024

பாரதிக் கண்ணுக்கு,

பெரியம்மாவின் அன்பு. இங்கே நல்ல மழை. சமையல்கட்டு ஒழுகுகிறது, மற்றபடி குறை இல்லை. போலீஸ்காரம்மா கதையை விடுதிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். திரும்பப் படிக்கச் சொல்கிறார்கள்.

காயம் எப்படி இருக்கிறது? ஆழமா? ஊசி போட்டாளா? வெறும் காலோடு நடக்க விடாதே.

ஒரு விளையாட்டு சொல்கிறேன். அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல். பேனா முனையால் கையில் மெதுவாகத் தொடு. தொட்ட இடத்தை அவள் விரலால் காட்டவேண்டும். பிறகு அதையே இரண்டு உள்ளங்காலிலும் செய். எனக்கு எழுது. நான் சொன்னதாகச் சொல்லாதே.

ஏலகிரிக்கு ஒருமுறை வந்திருக்கிறேன். ஏரியில் இப்போது தாமரை இருக்கிறதா?

உன் படிப்பைக் கவனி. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

கெங்கம்மாள்

மாதனூர்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் சமையல்கட்டு ஒழுகுவது நின்றதா? நாங்கள் இங்கே இருக்கிறோம். காயத்துக்கு ஊசி போட்டாயிற்று. ஆனால் மூடவில்லை. ஓரம் வெள்ளையாகத் தடித்துக்கொண்டு, நடுவில் ஈரமாகவே இருக்கிறது. அம்மா பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு தினமும் கம்பெனி பஸ் ஏறுகிறார்.

விளையாடினோம். கையில் தொட்டபோதெல்லாம் அம்மா சரியாகக் காட்டினார். சிரித்துக்கொண்டே இருந்தார். இடது காலிலும் சரி. வலது உள்ளங்காலுக்கு வந்து குதிகால், விரல் அடி, நடுப்பாதம் என்று தொட்டேன். அம்மா கண்ணை மூடியபடியே, "ம், ஆரம்பி" என்றார்.

நான் முடித்திருந்தேன், பெரியம்மா.

அம்மா கண்ணைத் திறந்தார். பேனா இன்னும் அவர் காலில்தான் இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. "யாரு சொல்லிக் குடுத்தது இது?" என்றார். அறிவியல் டீச்சர் என்றேன். "எங்கம்மாவுக்கு வேலை கிடக்குதுன்னு டீச்சர் கிட்ட சொல்லு" என்று புடவையைக் காலுக்கு இழுத்துவிட்டார். அதற்குள் கணுக்காலுக்கு மேல் தோல் ஓரிடத்தில் வெளுத்திருப்பதைப் பார்த்தேன். கேட்டதற்குத் தேமல் என்றார்.

கம்பெனியில் இன்னொன்று நடந்தது. அம்மா, "எங்கயும் கடிக்கல சார், பஞ்சு மாதிரி கீது" என்று சொல்லி ஷூவைத் திருப்பிக் கொடுத்தார். ஆணி விஷயத்தைச் சொல்லவில்லை. ஆனால் இஷ்தியாக் சார் உள்ளே கறையையும் ஓட்டையையும் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். ஹலீமா ஆன்ட்டி சொன்னார், சார் கண் கலங்கிப் போனாராம். ஜெர்மனிக்காரர்களுக்குத் தெரிந்தால் அவர் வேலைக்கே ஆபத்து. அமுலும்மா தன் வலியை மறைத்து என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்கிறாராம். இப்போது லைனில் அம்மாவுக்குத் தனி மரியாதை. அம்மாவுக்கோ அந்தப் பேச்சை எடுத்தாலே பிடிக்கவில்லை.

இந்த விளையாட்டில் தோற்றால் என்ன அர்த்தம்?

உங்கள் பாரதி

மாதனூர்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம்தானே? மூன்று வாரமாக எனக்குப் பதில் இல்லை. ஆனால் அம்மா பெயருக்கு உங்கள் கையெழுத்தில் ஓர் இன்லேண்ட் லெட்டர் வந்தது. நீங்கள் அம்மாவுக்கு எழுதி நான் பார்த்ததே இல்லை. அம்மா நின்றபடியே அதைப் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். பிறகு வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்.

"பெரியம்மாவுக்குக் கொஞ்ச நாளு எழுதாதே" என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை. நேற்றும் அதற்கு முந்தின நாளும் எழுதவில்லை. போதும் என்று நினைக்கிறேன்.

அதில் என்ன எழுதியிருந்தீர்கள்?

பாரதி

ஜமுனாமரத்தூர் பக்கம்
3 செப்டம்பர் 2024

கண்ணு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ வருத்தப்படாதே.

அவளுக்கு எழுதினது அவளுக்குத்தான். அடுப்பில் போட்டால் போடட்டும். படித்துவிட்டுத்தானே போட்டாள். பிரிக்காமல் அரிசிப் பானையில் வைத்திருந்தால்தான் பயந்திருப்பேன்.

காயத்தில் பழைய துணி சுற்றவேண்டாம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாளா, இல்லையா? அதை மட்டும் எழுது. அப்பாவுக்கு ஏதாவது தெரியுமா?

கெங்கம்மாள்

மாதனூர்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வழக்கமாக முடிவில் எழுதுவேன். இன்று முதலிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தின் முடிவில் உங்களுக்குக் கோபம் வரலாம்.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அப்பா கேட்டால், "நாளைக்கு" என்கிறார். அப்பாவுக்கு ஆணிக் காயம் என்று மட்டும்தான் தெரியும்.

நான் நிஜமாகவே அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். ஒருவருக்கு உள்ளங்காலில் தொட்டால் தெரியவில்லை, ஆணி குத்தினாலும் தெரியவில்லை என்றால் என்ன காரணம் என்று. நரம்பு கெட்டிருக்கும், சர்க்கரை நோயாக இருக்கலாம், தொழுநோயாகவும் இருக்கலாம், எதுவானாலும் சீக்கிரம் பார்க்கவேண்டும் என்றார். அம்மாவுக்கு ஜூன் மாதம்தான் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. தோல் வெளுத்த இடத்தைச் சொன்னேன். டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "யாருக்கும்மா?" என்றார். நான் மணி அடித்துவிட்டது என்று ஓடிவந்துவிட்டேன்.

அப்புறம் உங்களை நினைத்தேன். ஆறாம் வகுப்பு லீவில் உங்களோடு வந்து தங்கினேனே, நீங்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காலைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பீர்கள். முகம் பார்க்கிற கண்ணாடியில் காலைப் பார்க்கிறீர்களே என்று சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். கறுப்பு ரப்பர் அடியும் பின்னால் வாரும் வைத்த அந்தச் செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றமாட்டீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் வாசற்படியிலேயே உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

உங்களுக்குத் தொழுநோய் இருந்ததா, பெரியம்மா? அம்மாவுக்கு வந்திருப்பது அதுவா?

நீங்கள் எது சொன்னாலும் நான் அப்படியேதான் இருப்பேன். ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள். இஷ்தியாக் சார் ஷூவைத் திருத்திச் செய்துவிட்டார். மறுபடியும் அம்மாவையே ஏலகிரி போகச் சொல்லியிருக்கிறார். 22-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. "அமுலும்மா காலுக்குத்தான் நான் குடுப்பேன்" என்கிறாராம். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள் என்பதற்காகவே அம்மா சரி என்று சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் காயத்தோடு ஏறினால் என்ன ஆகும்?

பாரதி

ஜமுனாமரத்தூர் பக்கம்
13 செப்டம்பர் 2024

கண்ணு பாரதிக்கு,

ஆமாம்.

கோபம் இல்லை. கேட்க ஆள் இல்லாமல்தான் இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தேன்.

நான் பத்தாவது படித்த வருஷம் ஆடி மாதத்தில் எங்கப்பா எங்கள் இரண்டு பேரையும் ஏலகிரிக்குச் சாமி கும்பிடக் கூட்டிப்போனார். உச்சி வெயில். நீ பார்த்த அந்தத் தட்டைப் பாறையில் எல்லோரும் வெறும் காலோடு துள்ளித் துள்ளி ஓடினார்கள். நான் நடுவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கம்மா சின்னப் பெண். "எங்கக்கா காலு இரும்புக் காலு!" என்று கை தட்டி, ஓடுகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு காலும் கொப்புளம். அதைப் பார்த்ததும் அமுலு கை தட்டிக் காட்டினது நினைவுக்கு வந்து எங்கப்பா உட்கார்ந்துவிட்டார். அவருக்கு விளங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்திலேயே குணமானேன். ஆனால் திரும்பி வரும்போது தெருவில் பேச்சு வந்துவிட்டிருந்தது. தங்கச்சிக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்றார்கள். மலையில் விடுதியில் வேலை கிடைத்தது, வந்துவிட்டேன். தான் கை தட்டிக் காட்டியதால்தான் அக்காவை ஊரைவிட்டு அனுப்பினார்கள் என்று அமுலு நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்போடேயே வளர்ந்தாள். அடுப்பில் போட்டாளே, அந்தக் கடிதத்தில் அதைத்தான் எழுதியிருந்தேன். நீ கை தட்டாமல் இருந்திருந்தால் என் காலே போயிருக்கும், அமுலு என்று.

இப்போது அவளுக்கு அதேதானா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். இருந்தாலும் பயம் இல்லை. மாத்திரை இலவசம். ஒரு வருஷம் போல விடாமல் சாப்பிட்டால் போய்விடும். சாப்பிட ஆரம்பித்தால் யாருக்கும் பரவாது. காலில் போன உணர்ச்சி மட்டும் எனக்குத் திரும்பவில்லை. அதனால்தான் கண்ணாடி. கால் சொல்லாததைக் கண் பார்த்துச் சொல்லவேண்டும்.

அவளைப் போகவேண்டாம் என்று தடுக்காதே. தடுத்தால் உன்னிடமும் மறைப்பாள். ஏலகிரிக்கு வரட்டும். 22-ம் தேதி காலையில் நான் திருப்பத்தூர் வழியாக வந்து ஏரிக்கரையில் இருப்பேன். முதலில் படகுக்குப் போகலாம் என்று அழு. மலை ஏறுவதற்கு முன்னால் அவளை என்னிடம் கொண்டுவந்து விடு. அந்த ஷூவை நீ கையில் எடுத்து வா.

அந்தப் பாறைக்குப் பிறகு நான் அந்த மலைக்கு வரவில்லை. வழி கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

பெரியம்மா

மாதனூர்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? கால் வீங்கவில்லையே? கண்ணாடியில் பார்த்தீர்களா?

நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். அதனால் படகிலிருந்து நான் பார்த்ததையும் பிறகு நடந்ததையும் மட்டும் எழுதுகிறேன். உங்களைக் கரையில் பார்த்ததும் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. நான் அப்பாவை இழுத்துக்கொண்டு மிதிபடகில் ஏறிவிட்டேன். அப்பா மிதித்தார். நான் மிதிக்கிற மாதிரி நடித்துக்கொண்டு உங்களைப் பார்த்தேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். படகு தானாகச் சுற்றியது. "ஒரே வீட்ல இருந்துகினு நான் பாக்கலியே, பாப்பா" என்றார். பிறகு திரும்பக் கரையைப் பார்த்து வேகமாக மிதித்தார். நான் வேண்டாம் என்றேன்.

கரையில் அம்மா உங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நீங்கள் உங்கள் செருப்பின் வாரை அவிழ்த்துக் காலைக் கல் மேல் வைத்தீர்கள். அம்மா திரும்பவில்லை. நீங்கள் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தீர்கள். அதில் பட்ட வெயில் ஒரு முறை எங்கள் படகு வரைக்கும் வந்து போனது. அப்போதுதான் அம்மா திரும்பினார். என்னவோ சொன்னார். நீங்களும் சொன்னீர்கள். அம்மா உங்கள் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். நான் பயந்துவிட்டேன். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். என்ன பேசினீர்கள்? தண்ணீரின் நடுவில் எதுவும் கேட்கவில்லை.

அந்த ஷூ அன்று மலை ஏறவில்லை என்று உங்களுக்குத் தெரியும். அம்மா அதைப் பெட்டியிலேயே திங்கட்கிழமை சாம்பிள் ரூமுக்கு எடுத்துப்போனார். ராத்திரி என்னிடமும் அப்பாவிடமும் நடந்ததை நடித்தே காட்டினார்.

"சார், டிரயலுக்கு வேற காலு பாத்துக்கோங்க. என் காலு பொய் சொல்லும்."

"இன்னா அமுலும்மா, ஆணிக்குக் கோவமா?"

"கோவம் இல்ல சார். ஆணி குத்தினது நெஜமாவே எனுக்குத் தெரியல. ஒங்களக் காப்பாத்தறதுக்காக நான் பொறுத்துக்கல." தொழுநோயாக இருக்கலாம் என்று காரணத்தையும் சொல்லிவிட்டாராம். கதவு திறந்தே இருந்ததாம்.

"ரெண்டு மாசமா உன்னைப் பத்தி எங்க வீட்ல ஒரே பெருமை. எல்லாம் வேஸ்டா?" என்று சார் சிரிக்கப் பார்த்தாராம். முடியவில்லையாம். பிறகு, "டிரயல் காலுக்கு நான் வேற ஆள் தேடிக்கறேன். தைக்கிற கை உன்னோடதுதான். போய் லீவு எழுதிக் குடு, கால் ஆறட்டும்" என்றாராம்.

பஸ்ஸில் ஹலீமா ஆன்ட்டிக்கும் அம்மாவே சொன்னார். சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டுக்கு மாறப் போனாராம். ஆன்ட்டி கையைப் பிடித்து இழுத்து, "எங்க போறே? இத்தினி வருசம் ஒட்டிக்கினு குந்தியிருக்கேன், இப்ப எழுந்து இன்னா புண்ணியம்? ஜன்னல் சீட்டை மட்டும் எனுக்குக் குடு" என்றாராம். ஆனால் பின்சீட்டில் இரண்டு பேர் எழுந்து முன்னால் போய்விட்டார்கள். அதையும் அம்மா மறைக்காமல் சொன்னார்.

புதன்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தோம். அதேதான் என்றார்கள். மாத்திரை அட்டை கொடுத்தார்கள். எனக்கும் அப்பாவுக்கும் உடம்பைச் சோதித்து, ஒருவேளைக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார்கள். முதல் நாள் அம்மாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போய் வீட்டையே கலக்கிவிட்டார். அது மாத்திரையின் நிறம் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தது எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

பாரதி

ஜமுனாமரத்தூர் பக்கம்
20 அக்டோபர் 2024

கண்ணு,

தீபாவளிக்கு உனக்கு ஒரு புத்தகம் வாங்கிவைத்திருக்கிறேன். கால் நன்றாக இருக்கிறது, அன்றைக்கே பார்த்துவிட்டேன்.

ஏரிக்கரையில் என்ன பேசினோம் என்று நீ எத்தனை தடவை கேட்டாலும் சொல்லமாட்டேன். அடி மட்டும் நியாயமானது, வாங்கிக்கொண்டேன்.

அமுலுவுக்கு ஆஸ்பத்திரியில் என்னுடையது போலவே செருப்பு அளவெடுத்துக் கொடுப்பார்கள். வெட்கப்படாமல் வாங்கிப் போடச் சொல். வெளியே மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளும் போடவேண்டும். ஒரு அரிசி உமி கிடந்தால் கூட அவள் காலுக்குத் தெரியாது.

நான் வாசற்படியிலேயே உட்காருவதை எழுதியிருந்தாயே. செருப்போடு வீட்டுக்குள் நடக்கிற பெண்ணை நம் ஊரில் யார் ஒப்புக்கொள்வார்கள்? கழற்றினால் என் காலுக்கு ஆகாது. ஏன் கழற்றவில்லை என்று யாராவது கேட்டால் உங்கள் வீட்டுக்கு ஆகாது. அதனால் வாசற்படியோடு நின்றுகொண்டேன். வேறொன்றும் இல்லை. அங்கே காற்று நன்றாக வரும்.

பெரியம்மா

மாதனூர்
5 ஜனவரி 2025

அக்காவுக்கு,

அமுலு எழுதறேன். நான் எழுதித் தரட்டுமான்னு பாரதி கேட்டா. வேணாம்னேன். தப்பு இருந்தா படிச்சுக்கோ. நீ நல்லா இருப்பேன்னு நம்பறேன்.

காயம் மூடிடுச்சு. மாத்திரை ஒரு நாள்கூட வுடல. கம்பெனிக்குப் போறேன். பெடல் மிஷின் வேணாம்னு மேசை வேலைக்கு மாத்திட்டாங்க, லேஸ் கோக்கிறேன். அந்த மலை ஷூதான். ஆர்டர் வந்துடுச்சு. புது டிரயல்ல இடது சுண்டு விரல்ல கடிக்குதுன்னு ஒரு பொண்ணு சொல்லி, அதையும் சரி பண்ணிட்டாங்களாம். அந்தக் காலு நல்ல காலு. சொல்ல வேண்டியதைச் சொல்லுது.

சாப்ட்டப்புறம் கண்ணாடி வெச்சுப் பாக்கறேன். பாரதி டார்ச் அடிக்கிறா. தினமும் ஏதாவது கேள்வி.

நீ வாங்கிப் போடச் சொன்ன ஆஸ்பத்திரி செருப்பு வந்துடுச்சு. வீட்டுக்குள்ள போட்டுகினுதான் சமைக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா கொழம்பு வாங்க வந்தவங்க காலையே பாத்தாங்க. "இன்னா இது, அடுப்பாண்ட செருப்போட?"ன்னாங்க. டாக்டர் சொன்னாருன்னேன். எந்த டாக்டர், எதுக்குன்னாங்க.

சொன்னேன்.

எனுக்கு இன்னான்னும் சொன்னேன், எங்கக்காவுக்கு இன்னா இருந்துச்சுன்னும் சொன்னேன். கொழம்பு வாங்காம போய்ட்டாங்க. நாலு நாளு எட்டிப் பாக்கல. நேத்து மொறம் கேட்டு வந்தாங்க. குடுத்தேன்.

பொங்கலுக்கு வா. பஸ்ஸுக்குப் பாரதி அப்பா வந்து நிப்பாரு. வீடு கழுவி, வாசல்ல பெரிய கோலம் போட்டு வெப்பேன். ஓரமா நிக்காதே. கோலத்து மேலயே மிதிச்சுகினு, செருப்போட உள்ள வா.

உன் தங்கச்சி
அமுலு